மணிக்கொரு கிள்ளு

மார்ச் 2

அக்காவுக்கு,

நீ போனை எடுத்து ஐந்து மாதம் ஆகிறது. அத்தான்தான் எடுக்கிறார். "குளிக்கிறா" என்கிறார். ஐந்து மாதமாக நீ குளித்துக்கொண்டே இருக்கிறாய். அதனால் எழுதுகிறேன். கடிதத்திடம் அப்படிச் சொல்ல முடியாது.

வேலை விஷயம்தான். நீயும் மற்ற ஆறு பேரும் உட்கார்ந்திருந்த இடத்தில், பழுதான குப்பிகளைக் கண்டுபிடிக்க இப்போது ஓடுகிற என் பெட்டி தப்பு செய்கிறது. மூன்று ஆஸ்பத்திரிகளிலிருந்து ஊசி மருந்துக் குப்பிகள் திரும்பி வந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே பழுது. கழுத்துக்குக் கீழே மயிரிழை மாதிரி ஒரு கோடு. ஒரு நர்ஸ் மூடியை அழுத்தியிருக்கிறார், குப்பி கழுத்தோடு உடைந்து கண்ணாடி விரலில் ஏறிவிட்டது. நரம்பு அறுந்து அந்த விரலில் இப்போது உணர்ச்சி இல்லையாம்.

நீங்கள் எழுந்துபோன முதல் வாரம் பெட்டி அந்தக் கோட்டைச் சரியாகப் பிடித்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டது. இங்கே எங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்து மறுபடி கற்றுக்கொடுத்தால் பிடிக்கிறது. தொழிற்சாலையில் குப்பிகள் ஓடுகிற பெல்ட்டில் போய் நின்றால் இரண்டே வாரத்தில் பழையபடி ஆகிவிடுகிறது.

ஆறு மாதம் அது உன் பக்கத்தில் இருந்து, உன் கை எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அதற்குத் தெரிந்ததெல்லாம் உனக்குத் தெரிந்தது. கழுத்துக்கோட்டை நீ எப்படிப் பிடித்தாய்? எனக்குத் தெரியாத ஏதாவது அங்கே நடந்ததா? எழுது.

கோபம் இருந்தால் அதையும் எழுது.

தம்பி

மார்ச் 9

தம்பிக்கு,

கடிதம் வந்தது. அந்த நர்ஸுக்கு எந்தக் கை, எந்த விரல் என்று எழுது.

கோபம் என்று கேட்டிருக்கிறாய். இருந்தது. இப்போது தேடிப்பார்த்தால் கைக்கு அகப்படவில்லை. காலையில் எழுகிறேன், பாத்திரம் கழுவுகிறேன். கண்ணாடி டம்ளர் கைக்கு வந்தால் மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்து ஒரு சுற்று சுற்றுகிறேன். "டம்ளர் கழுவுறியா, டம்ளருக்கு ஜோசியம் பாக்குறியா?" என்கிறார் உன் அத்தான். அதற்குச் சிரிப்பும் வரவில்லை, எரிச்சலும் வரவில்லை. கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

நீ அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்த நாள் ஞாபகம் இருக்கிறதா? சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. அதற்கு முதல் இடம், அடியில் ரப்பர் மெத்தை, தூசி படக்கூடாது, சூடு ஏறக்கூடாது. அன்றைக்கே எங்கள் நெட்டை அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டாள். "வேலை ஒண்ணும் பாக்காது, முதல் பந்தியில உக்காரும்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய். மாப்பிள்ளை நிலைத்துவிட்டால் ஏழு பேருக்கும் வேலை இல்லை என்பது அன்றைக்கே உனக்குத் தெரியும். எனக்குச் சொல்லவில்லை. தெரிந்து செய்தேன் என்றுதான் மற்றவர்கள் இன்றுவரை நினைக்கிறார்கள்.

கடைசி நாள் ஏப்ரனைக் கழற்றி மாட்டும்போது நெட்டை என்னைப் பார்க்காமலே பேசினாள். "தம்பிக்குக் கண்ணு வேணும்னா உன்னுதைக் குடுத்திருக்கலாமே. எங்களுதையும் சேர்த்து எதுக்குடி குடுத்தே?" பத்தொன்பது வருடம் என் பக்கத்து நாற்காலி. அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. மூன்று தெரு தள்ளி இருக்கிறாள்.

கழுத்துக்கோட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. உலையில் அச்சு மாற்றினால் முதல் ஒரு மணி நேரம் வரும். கண்ணில் படும், எடுப்போம், அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்போடு நின்றவளிடம் படித்தவன் கேட்கிற கேள்வியா இது? ஆனால் ஒன்று மட்டும் எழுதிவிடுகிறேன். பதினாலாம் எண் சீட்டு ஒட்டிப் போன அட்டைப்பெட்டி ஒன்றுகூட இந்தப் பத்தொன்பது வருடத்தில் திரும்பி வந்ததில்லை. அந்த எண் என்னுடையது.

கற்றுக்கொடுத்ததை மறந்துபோகிற கண்ணை நீ எதற்குச் செய்தாய்? அதைச் சொல்.

அக்கா

மார்ச் 15

அக்காவுக்கு,

வலது கை, ஆள்காட்டி விரல்.

சொல்லாதது தப்பு. சொல்லியிருந்தால் நீ உட்கார்ந்திருக்க மாட்டாய், அதனால்தான் சொல்லவில்லை. எழுதிவிட்டேன். எழுதினால் கனம் குறையும் என்று நினைத்தேன், அப்படி ஒன்றும் ஆகவில்லை.

மறக்கிற கண்ணை ஏன் செய்தேன் என்று கேட்டாய். சாதாரண கேமரா படம் எடுத்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும், கம்ப்யூட்டர் யோசித்துச் சொல்லும். பார்ப்பது ஓரிடம், ஞாபகம் வைப்பது வேறிடம். மாப்பிள்ளைக்கு அப்படி இல்லை. நகத்தளவு சில்லு, அதில் ஆயிரக்கணக்கான புள்ளிகள். வெளிச்சம் விழுகிற புள்ளியிலேயே ஞாபகமும் இருக்கிறது, நம் மூளையில் இருப்பது மாதிரி. ஒரே மாதிரி வெளிச்சம் திரும்பத் திரும்ப விழுந்தால் அந்தப் புள்ளி பழகிக்கொள்ளும். விழாமல் விட்டால் மெல்ல மறக்கும். மறக்கத்தான் வேண்டும் அக்கா. மறக்காவிட்டால் என்றைக்கோ ஒட்டிய தூசியும் விரல்ரேகையும் அதற்குப் பழுதாகவே தெரியும், நல்ல குப்பியை எல்லாம் தள்ளிவிடும். படம் எதையும் அது சேர்த்து வைப்பதில்லை. பழக்கம்தான் மிஞ்சும். கூடவே நேரக்கணக்கு ஒன்று, எத்தனை மணிக்குக் கை நின்றது என்று.

அந்த நேரக்கணக்கைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒன்று விளங்கவில்லை. ஆறு மாதமும் ஏறத்தாழ மணிக்கு ஒரு கழுத்துக்கோடு எடுத்திருக்கிறாய், அச்சு மாற்றாத நாட்களிலும். உலைக்காரர்கள் சத்தியம் செய்கிறார்கள், அப்படி வரவே வராது என்று. நீங்கள் போன பிறகு பார்த்தால் அவர்கள் சொல்வதுதான் சரி. பதினைந்து இருபது நாளுக்கு ஒருமுறை, அச்சு மாற்றுகிற அன்று மட்டும் வருகிறது. அதற்குள் சில்லு மறந்துவிடுகிறது.

இன்னொன்று. கழிவுத் தொட்டியின் எண்ணிக்கை உன் கைக்கணக்கோடு ஒத்துப்போகவில்லை. ஒரு ஷிப்டுக்கு எட்டுக் குப்பி குறைகிறது. எங்கள் தலைமைப் பொறியாளர் அறிக்கை எழுதிவிட்டார். "பயிற்சி தந்த பணியாளர் கண் சோர்வினால் நல்ல குப்பிகளைப் பழுது என்று எடுத்துப் பின்னர் பெல்ட்டிலேயே திரும்ப வைத்துள்ளார். சில்லு தவறாகப் பழகியது இதனால்தான்." ஏப்ரல் பதினாறாம் தேதி உங்கள் தொழிற்சாலையில் கூட்டம். அதற்குள் வேறு காரணம் தெரியவில்லை என்றால் நான் இதில் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த எட்டுக் குப்பி எங்கிருந்து வந்தது, எங்கே போனது?

தம்பி

மார்ச் 21

தம்பிக்கு,

கண் சோர்வு என்று எழுதிய மனிதரைக் கூட்டிவந்து ஒரு மணி நேரம் பெல்ட்டில் உட்கார வை. அதற்குப் பிறகு எழுதச் சொல்.

இனி எழுதப்போவது உனக்கு மட்டும். வேறு யாருக்கும் இல்லை.

பெல்ட்டில் குப்பி வந்துகொண்டே இருக்கும். பின்னாலிருந்து வெளிச்சம். எல்லாம் நல்ல குப்பி. இரண்டு மணி நேரம் நல்ல குப்பியையே பார்த்தால் கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது. மரத்துப்போகும். காலை மடக்கி உட்கார்ந்தால் கால் நம்முடையது இல்லை போல ஆகிவிடுகிறதே, அதே மாதிரி. நான் சேர்ந்த புதிதில் ஒருத்தி ஒரு ஷிப்டு முழுக்கப் பழுதே பார்க்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் வரிசையாக மூன்றை விட்டுவிட்டாள். அன்றே அனுப்பிவிட்டார்கள். அவளுக்குக் கண்ணில் குறை இல்லை. பழுது வராததுதான் குறை.

நெட்டைதான் ஆரம்பித்தாள். கழுத்துக்கோடு உள்ள குப்பி ஒன்றின் அடியில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு வைத்தாள். கை கழுவப் போகிற சாக்கில் பெல்ட்டின் தலைப்பில் அதை விட்டுவிட்டு வந்தாள். யாராவது பிடித்தால் சரி. யாரும் பிடிக்காவிட்டால் கடைசி நாற்காலியில் இருக்கிறவள் எடுத்துவிடுவாள். பார்க்காமல் விட்டவளுக்கு அன்றைக்கு முழுக்கக் கேலி. "கண்ணா அது, சட்டைப் பொத்தானா?" என்று. இதற்குக் கிள்ளு என்று பெயர். மணிக்கு ஒருத்தி கிள்ளு வைக்க வேண்டும், முறைவைத்து. யார் எப்போது வைப்பாள் என்று சொல்லக்கூடாது. இத்தனை வருடத்தில் ஒரே ஒருமுறை ஒரு கிள்ளு தப்பிப்போனது. வண்டி கிளம்புவதற்குள் நாற்பது அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தேடி எடுத்தோம். அதிலிருந்து கடைசி நாற்காலிக்காரி எண்ணிக் கணக்கு வைத்தாள்.

மாப்பிள்ளை வந்த பிறகு முதல் நாற்காலியை விட்டு நான் நகரக்கூடாது என்று நீ சொல்லிவிட்டாய். அதனால் யார் வைத்த கிள்ளும் என் கையில்தான் விழுந்தது. மணிக்கு ஒன்று, ஷிப்டுக்கு எட்டு. நான் தொட்டியில் போடுவேன். உடைக்கப் போவதற்குள் அதை எடுத்து எங்களிடம் திருப்பித் தருவது நெட்டையின் மருமகள். கழிவுப் பக்கத்தில் வேலை பார்ப்பவள். கணக்கில் குறைந்த எட்டு அதுதான்.

உன் மாப்பிள்ளை என்னைப் பார்த்து மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. எங்கள் எல்லோருடைய கிள்ளிலும் விழித்திருந்தான். நாங்கள் எழுந்து போனோம், அவனும் மரத்துப்போனான்.

சுவரில் முதல் விதி என்ன எழுதியிருக்கிறது என்று நீயே பார்த்திருப்பாய். பழுதான குப்பியைப் பெல்ட்டில் வைப்பவர் அன்றே வெளியேற்றப்படுவார். எங்களை இனி வெளியேற்ற முடியாது. அந்தப் பெண் இன்னும் உள்ளேதான் இருக்கிறாள். அவள் புருஷன் இடுப்பு ஒடிந்து படுத்திருக்கிறான். அந்த வீட்டில் வேலைக்குப் போகிற ஆள் அவள் ஒருத்திதான்.

உன் அறிக்கை என்ன ஆனாலும் சரி, இது அதில் வரக்கூடாது. ஆனால் நான் நல்ல குப்பியை எடுத்தேன் என்பதும் வரக்கூடாது. இரண்டையும் எப்படிச் செய்வாய் என்று எனக்குத் தெரியாது. நீதான் படித்தவன்.

அக்கா

ஏப்ரல் 4

அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். பிறகு அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

ஒரே மாதிரி இரண்டு சில்லுகளை எடுத்துக்கொண்டேன். இரண்டுக்கும் ஒரே பாடம், ஒரே குப்பிகள். ஒன்றின் முன்னால் நல்ல குப்பிகளை மட்டும் ஓடவிட்டேன். மற்றதற்கு மணிக்கு ஒரு கழுத்துக்கோடு, நானே கையால் வைத்தேன். ஒன்பது நாள். இங்கே என் நாற்காலிக்கு எதிரே சுவர், சுவரில் ஒன்றுமில்லை. மணி அடிக்கும், எழுந்து வைப்பேன், உட்காருவேன். பக்கத்து மேஜைக்காரர், "என்னங்க, சில்லுக்கு மருந்து குடுக்கிறீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். 

ஒன்பதாம் நாள் இரண்டுக்கும் நூறு பழுதுகள் காட்டினேன். கிள்ளு வாங்கியது தொண்ணூற்றெட்டைப் பிடித்தது. வாங்காதது பதினொன்று.

ஆக, வழி தெரிந்துவிட்டது. பெல்ட்டில் மணிக்கு ஒரு சோதனைக் குப்பி போட ஆள் வைத்தால் போதும். இதை என் யோசனையாகவே சொல்லிவிடலாம், உங்கள் பேரே வராது.

ஆனால் அவர்கள் அந்த ஆறு மாதக் கணக்கைக் கேட்பார்கள். மணிக்கு ஒன்று எப்படி வந்தது, தொட்டியில் எட்டு ஏன் குறைந்தது என்று. அதற்கு இரண்டு பதில்தான் இருக்கிறது. ஒன்று, கிள்ளு. அதைச் சொன்னால் தொட்டியிலிருந்து எடுத்தது யார் என்பது அடுத்த கேள்வி. மற்றது, கண் சோர்வு. மூன்றாவது பதில் ஒன்றைத் தேடி இரண்டு இரவாகத் தூங்கவில்லை. கிடைக்கவில்லை.

அறிக்கையில் உன் பெயர் இருக்காது. பதினாலாம் எண் என்று இருக்கும். தொழிற்சாலையில் அது யார் என்று தெரியாதவர்கள் இல்லை.

நீ சொல்வதை எழுதுகிறேன். எதைச் சொன்னாலும்.

தம்பி

ஏப்ரல் 9

தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே நெட்டை வீட்டுக்குப் போனேன். அவள் உள்ளே வா என்று சொல்லவில்லை. மாடிப்படியில் நின்றே பேசினோம்.

"கிள்ளு வெளியில வராது. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"ஆறு மாசம் மாப்பிள்ளைக்குச் சொல்லிக்குடுத்தவ, கம்பெனிக்கு ஒரு வரி சொல்லிக்குடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்றாள்.

"வராதுன்னா வராது."

"அப்ப அவங்க என்ன எழுதுவாங்க?"

நான் சொன்னேன். அவள் படிக்கட்டுக் கைப்பிடியைத் துணியால் துடைத்துக்கொண்டே நின்றாள். அதில் தூசி ஒன்றும் இல்லை. மருமகள் வேலைக்குக் கிளம்பி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இறங்கிப்போனாள். "வரேன் அத்தை" என்று பொதுவாகச் சொன்னாள். அது யாருக்குச் சொன்னது என்று தெரியவில்லை. இரண்டு பேருமே தலையாட்டினோம்.

அவள் தெருமுனை திரும்பியதும் நெட்டை கேட்டாள். "உன் நம்பரை நீயே அழுக்காக்கிக்கப்போறியா?"

"வேற வழி இருந்தா சொல்லு" என்றேன்.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆகையால் எழுதிவிடு. பதினாலாம் எண் களைத்துப்போய் நல்ல குப்பியை எடுத்தாள், பிறகு வைத்தாள். அந்தப் பொறியாளர் எழுதியபடியே இருக்கட்டும், ஒரு எழுத்தையும் மாற்றாதே. நீ மாற்றப்போனால் கேள்வி வரும்.

இதை எழுதும்போது கை நடுங்கும் என்று நினைத்து, முதலில் கிழிசல் தாளில் எழுதிப்பார்த்தேன். நடுங்கவில்லை. அதனால் நல்ல தாளில் எழுதுகிறேன். சாப்பிட்டேன், தூங்கினேன். உன் அத்தானிடம் சொன்னேன். "அவங்களுக்குக் கண்ணு இல்லையா?" என்று அவர்தான் கத்தினார். எனக்காக யாராவது கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்றே ஒன்று. சோதனைக் குப்பி போடுகிறவர்களிடம் அடியில் பொட்டு வைக்கச் சொல். பொட்டு இல்லாமல் பெல்ட்டில் விட்டால் அது கிள்ளு இல்லை, பழுது. தப்பிப்போனால் இன்னொரு விரல்.

அக்கா

ஏப்ரல் 17

அக்காவுக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

கூட்டம் நாற்பது நிமிடம். நீண்ட மேஜை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். கண் சோர்வு என்ற வரியைத் தலைமைப் பொறியாளர் படித்தபோது உங்கள் மேலாளர் தலையை ஆட்டி, "பாவம், அந்தம்மாவுக்கும் வயசாயிடுச்சு" என்றார். மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டினார்கள். நான் பாட்டில் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். பேசவில்லை. பேசக்கூடாது என்று நீ சொன்னதால் பேசவில்லையா, என்னால் முடியாததால் பேசவில்லையா என்று எனக்கே தெரியவில்லை.

மணிக்கு ஒரு சோதனைக் குப்பி என்பதை ஒப்புக்கொண்டார்கள். "நல்ல யோசனை, எப்படித் தோணுச்சு?" என்று கேட்டார்கள். பார்த்துக் கற்றுக்கொண்டேன் என்றேன். திரும்பி வந்த குப்பிகளுக்கு நாங்களே பொறுப்பு என்று எழுதிக்கொடுத்திருக்கிறோம், நர்ஸின் சிகிச்சையும் அதில் சேர்த்தி. விரல் பழையபடி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

சோதனைக் குப்பி வைக்கும் வேலையைக் கழிவுத் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நெட்டையின் மருமகள். எப்படி வைப்பது என்று நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. கை கட்டி, ஒன்றும் தெரியாதவள் மாதிரி, முழுவதும் கேட்டுக்கொண்டாள். மேலாளர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் கேட்டாள். "நகப்பூச்சு சிவப்பா இருக்கணுமா சார், இல்ல எந்தக் கலரா இருந்தாலும் பரவாயில்லையா?" முகத்தில் ஒரு அசைவும் இல்லை. சிவப்பு என்றேன்.

உன் தெரு வரைக்கும் வந்தேன். கொடியில் உன் புடவை காய்ந்துகொண்டிருந்தது. அத்தான் வந்து, குளிக்கிறா என்று சொல்லிவிடுவாரோ என்று கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். ரயிலில் ஏறிய பிறகு, சொல்லியிருந்தால்தான் என்ன என்று தோன்றியது.

மாப்பிள்ளை நன்றாக இருக்கிறான். இன்று முதல் ஷிப்டில் எட்டுக்கு எட்டு என்று போன் வந்தது.

தம்பி

ஏப்ரல் 28

தம்பிக்கு,

கடிதம் வந்தது. தெரு வரை வந்தவன் படியேறியிருக்கலாம். அன்றைக்கு நிஜமாகவே குளித்துக்கொண்டுதான் இருந்தேன்.

கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. உலைக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, "கண்ணாடி மாத்தினீங்களாம்மா?" என்று அக்கறையாகக் கேட்டார். மாற்றவில்லை என்றேன். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவினேன். அதற்கடுத்த நாளும் அப்படியே. பத்து நாள் போனது. இந்தப் பத்து நாளில் என்ன நடந்தது என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை.

நேற்று மதியம் நெட்டை வந்தாள். நான் கூப்பிடவில்லை, அவளும் சொல்லிக்கொண்டு வரவில்லை. நேராகச் சமையலறைக்கு வந்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "உன் வீட்டுக் குழாய் ஒழுகுது" என்றாள். அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு பேசிய முதல் பேச்சு. ஒழுகட்டும் என்றேன். டீ போட்டேன். தண்ணீர் வேண்டும் என்று எழுந்துபோய் அவளே எடுத்துக் குடித்தாள். வெயிலைப் பற்றிப் பேசினாள், மகனின் இடுப்பைப் பற்றிப் பேசினாள். அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் பாட்டுக்குத் தொட்டியில் இருந்ததைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

டம்ளர், டம்ளர், கரண்டி, கிண்ணம், டம்ளர். கண் எங்கேயோ இருந்தது. கை நின்றது.

நான் நிறுத்தவில்லை தம்பி. தானாக நின்றது. சோப்பு நுரைக்குள் விரலுக்கு அது தெரிந்துவிட்டது. எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஊசி மருந்துக் குப்பி. கழுத்துக்குக் கீழே மயிரிழைக் கோடு. திருப்பினால் அடியில் சிவப்புப் பொட்டு, பாதி உதிர்ந்து.

திரும்பிப் பார்த்தேன். நெட்டை டீயை ஊதிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி குடிக்கப்போன சாக்குல போட்டேன். ஆறு நிமிஷம் ஆச்சுடி. பழைய வேகம் எங்க போச்சு?" என்றாள்.

"நுரை ஜாஸ்தி" என்றேன்.

"ஆமா, கண் சோர்வு" என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தோம் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அவள் சிரித்தாள். நான் ஈரக்கையோடு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஏழு மாதம் வராதது வந்தது. அவள் எழுந்து வந்து குழாயை இறுக்கி மூடினாள். எனக்கு ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை, அவளுக்கு அதெல்லாம் வராது.

போகும்போது குப்பியைத் திருப்பிக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். பொட்டைப் புதிதாக வைத்துவிட்டேன். வியாழக்கிழமை அவள் வீட்டுக்குப் போகிறேன். என் முறை.

போன் பண்ணு. உடனே எடுப்பேன் என்று சொல்லமாட்டேன்.

அக்கா